பாஞ்சாலையின் வலது கை

கண்ணாடித் துண்டு கைக்கு வந்ததும் பாஞ்சாலை அதைக் காதருகே வைத்து, சந்தையில் பானை வாங்குகிறவள் மாதிரி விரலால் சுண்டிப் பார்ப்பாள். "நல்லாதான் இருக்குது" என்று அவளே சான்றிதழ் கொடுத்த பிறகுதான் அது மேசைக்குப் போகும். வயது நாற்பத்தாறு. மரக்காணம் உப்பளத்தில் இருபத்தைந்து வருடமாக உப்பு வாருகிறாள்.

மழைக்காலத்தில் உப்பளத்துக்கு விடுமுறை. சுனாமி உடைத்துப்போட்ட மாதாகோயில் ஜன்னலுக்கு வண்ணக் கண்ணாடி செய்ய, இந்த 2005 மழைக்குக் கோயில் கொட்டகையிலேயே வகுப்பு நடக்கிறது. கற்றுக்கொடுக்கும் கீதாஞ்சலி புதுச்சேரிப் பட்டறைக்காரி. பாஞ்சாலைக்கு மகள் வயதுதான். அவளை டீச்சர் என்று கூப்பிடுவதில் பாஞ்சாலைக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னதைக் கேட்பதில்தான் கொஞ்சம் தகராறு.

கண்ணாடி வெட்டும் கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து, வரைந்த கோட்டின் மேல் ஒரே இழுப்பு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து உடைக்க வேண்டும். ஆனால் உப்பு வாரும் பலகை பிடித்த கைக்கு, இழுத்த இடத்தில் மறுபடி இழுக்காவிட்டால் பொறுக்காது. இரண்டாவது இழுப்பில் கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும்.

"ஒரே இழுப்புல எந்தப் பாத்தியில டீச்சர் உப்பு வந்திருக்குது?" என்று பாஞ்சாலை நியாயம் பேசுவாள்.

இப்படி நியாயம் பேசியே சிவப்புக் கண்ணாடியெல்லாம் தீர்ந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஜன்னலில் வரும் மாதா அங்கியின் மடிப்புக்கு அதில் ஒரு நீண்ட வளைவு வெட்ட வேண்டும். அதையும் பாஞ்சாலைதான் கேட்டு வாங்கினாள்.

"இது சரியா வந்தா, பட்டறையில உங்களுக்கு வேலை இருக்குதுக்கா" என்றாள் கீதாஞ்சலி. நிழலில் உட்கார்ந்து வேலை செய்து பாஞ்சாலைக்குப் பழக்கமே கிடையாது. எவ்வளவு ஆசையாக இருந்தது!

கட்டர் கர்ரென்று சீராக ஓடியது. கூடப் படிக்கும் பெண்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். வளைவு முடிந்தது. முடிந்த மறுகணமே வலது கை பழையபடி ஆரம்ப இடத்துக்குக் கிளம்பியது. பாஞ்சாலை இடது கையால் அதன் மணிக்கட்டை லபக்கென்று பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே உடைங்க டீச்சர். நான் வுட்டா இது திரும்ப இழுத்துடும்."

கீதாஞ்சலி உடைத்தாள். டிக். கோடு போட்டபடியே சிவப்பு வளைவு தனியாக வந்தது. கொட்டகையே கைதட்டியது.

"பாண்டிக்கு மொத பஸ் எத்தினி மணிக்கு டீச்சர்?" என்று கேட்டாள் பாஞ்சாலை. அப்போதும் இடது கையின் பிடியை விடவில்லை.