லூர்துவின் சொந்தப் பாட்டு

பிரேசில்காரி லூர்டெஸை எங்கள் வீட்டில் லூர்து என்றுதான் கூப்பிடுவோம். கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் எங்களுக்கு மேல் மாடியில் இருந்தாள். அவளும் நானும் ஒரே கொம்பனிக்காகக் கந்தோர்கள், ஆபீசுகள் துப்புரவாக்கினோம். வக்கூம் மெசின் இரைச்சலையும் மேவிப் பாடுவாள்.

அவளே எழுதி அவளே மெட்டுப் போடுவாள். ரெசிஃபே என்ற ஊரில் சின்ன வயதிலேயே கிற்றாரோடு சந்தைகளில் பாடியவள். அங்கே ஒரு ரேடியோக்காரன், பாட்டு நல்லது, குரல்தான் சரியில்லை என்று சொல்லி, அவளுடைய பாட்டை வேறொருத்தியைக் கொண்டு பாடுவித்தானாம். அந்தக் கோபத்தோடுதான் கனடா வந்தாள். இங்கேயாவது தன் பாட்டைத் தன் வாயால் ஒரு சபையில் முழுதாகப் பாடிவிட வேண்டும் என்று கிடந்தாள்.

டண்டாஸ் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமைகளில் பாடினாள். போர்த்துக்கல்காரர் தங்கள் ஊர் அழுகைப் பாட்டுக் கேட்டார்கள். வெள்ளைக்காரர் கடற்கரைப் பாட்டுக் கேட்டார்கள். சொந்தப் பாட்டைத் தொடங்கினால் முதலாளி கையைக் காட்டி நிறுத்துவான்.

"அண்ணை, நான் என்ன ரேடியோப் பெட்டியே?" என்று என்னிடம் கத்துவாள். 'அண்ணை' மட்டும்தான் தமிழ். மிச்சம் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்குகிற இங்கிலீஷ்.

தொண்ணூற்றைந்தில் எனக்குப் பேத்தி பிறந்தாள், ஸ்டெபனி. அவளைத் தூக்கிக்கொண்டு நான் காரணமில்லாமல் லிஃப்ற்றில் ஏறி இறங்கியதை அந்தக் கட்டடமே அறியும். ஞானஸ்நான விருந்துக்கு லூர்துவைப் பாடக் கேட்டேன்.

"என்ரை பாட்டோ?"

"ஓம், உம்மடை பாட்டுத்தான். ஆர் உம்மைத் தடுக்கிறது?"

பிள்ளைக்கென்றே புதுப் பாட்டு எழுதி வந்தாள். மெதுவான பாட்டு. இரண்டு வரி போகவில்லை, என் மனைவி கிளடிஸின் தம்பி அகஸ்ரின் எழும்பி லூர்துவைப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா, உந்தத் தாலாட்டை விட்டிட்டு ஒரு பைலா போடுங்கோ, எழும்பி ஆடுவம்!"

"டேய், அவ பிரேசில். அவவுக்கு பைலா தெரியாது," என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே அத்தான்? போர்த்துக்கீசுதானே கதைக்கிறா? எங்கடை ஊரை ஆண்டு எங்களுக்கு பைலாவைத் தந்ததே போர்த்துக்கல்காரர்தானே!"

விருந்துக்குப் பிடித்திருந்த கீபோட்காரன் அவளுடைய பாட்டுக்குக் கீழேயே பைலாத் தாளத்தைத் தட்டிவிட்டான். சனம் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஆடியது. கிளடிஸும் ஆடினாள். லூர்து நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள், ஒருவரும் பார்க்கவில்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஆட்டம் நிற்கவில்லை.

பின்னால் ஓடினேன்.

"அவங்கள் சந்தோசத்திலை..."

"அவையின்ரை சந்தோசத்துக்கு என்ரை பாட்டு என்னத்துக்கு அண்ணை? ஆடத் தாளம் மட்டும் போதுமே."



அடுத்த கிழமை இரண்டு கலியாண வீட்டுக்காரர், "அந்த பைலா அக்காவின்ரை நம்பர் இருக்கோ அங்கிள்?" என்று ரெலிபோன் எடுத்தார்கள். லூர்துவிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை.

"முதல் என்ரை பாட்டு ஒண்டு. எல்லாரும் இருந்து முழுசாக் கேக்கோணும். பிறகு விடிய விடிய ஆடட்டும். அப்பிடியெண்டா வாறன்."

அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுறம் அங்கிள்," என்றார்கள்.

இன்னும் யோசிக்கிறார்கள்.