பான் கேயோ குன்றின் தலைத்தூண்

மறுநாள் மூடுபனி விலகுவதற்குள் பான் கேயோ குன்றில் ஒரு தை இனத்து ஆள்கூட இருக்கமாட்டான் என்று என்னிடம் சொன்னது எங்கள் முகாமின் ரொட்டி அடுப்புக்காரர். அவரிடம் சொன்னது ஆற்றங்கரையில் பசையரிசிச் சோறு விற்கும் பெண். "உனக்கு யார் சொன்னது?" என்று அவளைக் கேட்டதற்கு, "எனக்கு மட்டுமா? மாட்டுக்கும் தெரியும்" என்றாளாம்.

வடக்கே இரண்டு குன்றுகள் அதற்குள், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட வியட் மின் படையின் கைக்குப் போயிருந்தன. மிச்சம் இருந்தது பான் கேயோ. அதைக் காத்து நின்றது, பிரெஞ்சுக்காரர்கள் இந்த மலைநாட்டுத் தை இனத்தாரைத் திரட்டி வைத்திருந்த பட்டாளம். அந்தப் பட்டாளத்தில்தான் பியெங் இருந்தான்.

பியெங்கை எனக்குப் பட்டாளத்தானாகத் தெரியாது. சண்டைக்கு வெகுமுன்பே இந்தப் பள்ளத்தாக்கில் வேலைக்கு வந்திருந்த எனக்கு, மாமனார் வீட்டில் உழுதுகொண்டிருந்த மாப்பிள்ளையாகத்தான் அவனைத் தெரியும். தை வழக்கப்படி, பெண் கேட்டவன் அவள் வீட்டில் தங்கி வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். மற்றவர்கள் மூன்று நான்கு வருஷத்தில் தனிவீடு கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பியெங் எட்டு வருஷம் இருந்தான். "இன்னும் ரெண்டு வருஷம் போனா ஒன்னையும் எருமையோட சேத்துக் கட்டிருவாங்கடா" என்று கேலி செய்வார்கள். "எருமைக்குப் பக்கத்துல எடம் இருக்கு, நீயும் வா" என்பான். அவனுக்கு அந்த மாமனாரை அவ்வளவு பிடித்திருந்தது.

கடைசியில் அவன் வீடு கட்டியபோது, வீட்டின் முதல் தூணான தலைத்தூணை நட்டது அந்த மாமனார்தான். பெண் வீட்டார் கையால்தான் அதை நட வேண்டும். வீடு கட்டும் வித்தையை மனிதனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஆமை என்பதால், மரத்தில் ஆமை செதுக்கி அந்தத் தூணில் தொங்கவிடுவார்கள். வீட்டாரின் உயிரெல்லாம் அந்தத் தூணைச் சுற்றித்தான் தங்கியிருக்கும். நட்டுவிட்டு மாமனார் சொன்னார்: "மாப்பிள, இது சாயாம பாத்துக்க." அந்த மழைக்காலத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

பிறகு வானத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் பாராசூட் குடைகள் இறங்கின. பள்ளத்தாக்கில் இருந்த ஊர்களையெல்லாம் பிரித்து, தூணையும் உத்தரத்தையும் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடக் கொண்டுபோனார்கள். பியெங் தன் வீட்டுத் தலைத்தூண் போன வண்டிக்குப் பின்னாலேயே நடந்தான். வண்டி பான் கேயோ ஏறியது. அடுத்த வாரம் அவன் அதே குன்றில் சீருடையில் இருந்தான்.

கொஞ்சம் பிரெஞ்சு தெரியும் என்பதால் அவனைத் தொலைபேசிக்கு வைத்தார்கள். அந்தத் தொலைபேசிக் குழியின் கூரையைத் தாங்கி நின்றது அவன் வீட்டுத் தலைத்தூண்தான். நான் கீழே நடுமுகாமில், மண்ணுக்கடியில், எல்லாக் குன்றுகளின் கம்பியும் வந்து சேரும் பலகைக்கு முன்னால் இருந்தேன். காரைக்காலில் தமிழும் பிரெஞ்சும் படித்த என்னை, தை பேச்சும் பழகிவிட்டான் என்பதற்காக அங்கே உட்கார்த்திவிட்டார்கள். பிரெஞ்சில் செய்தி முடிந்ததும் பியெங் தையில் தொடங்குவான். "அண்ணே, ஆமைய மாட்டிட்டேன். சார்ஜண்டு பாத்துட்டு, இது சூப்புக்கான்னு கேக்கறான்." தினமும் காலையில் ஓர் உருண்டைச் சோற்றைத் தூணடியில் வைத்துவிட்டுத்தான் தின்பான். குண்டு விழ ஆரம்பித்த பிறகும் வைத்தான்.

அந்த வதந்தி வந்த அன்று மதியம் அவன் மனைவி முவான் என் குழிக்குள் இறங்கி வந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரிக் குழியில் துணி வெளுப்பவள் அவள். உச்சிக்கொண்டை கலைந்து, கை முழங்கைவரை சோப்புநுரையாக இருந்தது.

"அண்ணே, அவங்கிட்ட பேசணும்."

"என்னன்னு பேசுவே?"

"எல்லாரும் எறங்கறப்ப நீயும் எறங்குன்னு."

அதிகாரி பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தை தெரியாது. ஆனாலும் எனக்கு முதுகு நனைந்துவிட்டது.

"பேசறது நான். வேர்க்கறது ஒங்களுக்கா?" என்றாள்.

கைப்பிடியைச் சுற்றினேன். கைப்பிடி லேசாகச் சுழன்றால் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். கனமாகச் சுழன்றால் மறுமுனையில் கருவி முழுசாக இருக்கிறது. அது எப்படி என்று அவள் கேட்டாள், சொன்னேன். அன்று கனமாகத்தான் சுழன்றது. எடுத்தான்.

அவள் தொலைபேசியைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஒரேயடியாகத் தொடங்கினாள்.

"காது கேக்குதா செவிட்டுப் பயலே? நாளைக்குப் பனியோட பனியா எறங்கி வா. மத்தவங்க வர்றாங்கல்ல?"

அவன் குரல் எனக்கும் கேட்டது. "வர்றவங்க வரட்டும். தூண விட்டுட்டு நான் எப்டி வர்றது?"

"காட்டுல மரமா இல்ல?"

"மரம் இருக்கு. ஒங்கப்பா இருக்காரா, நட்டுக் குடுக்க?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தணிந்த குரலில், "இத்தன நாள் சொல்லல. அது நம்ம தூண் இல்ல. அவங்க வர்றதுக்கு முந்தியே நம்மளத எடுத்து ஆத்துச் சேத்துல பொதச்சிட்டேன். நீ காவல் காக்கறது எவன் வீட்டு மரமோ" என்றாள்.

அந்தப் பக்கம் சிரித்தான். "முவான், ஒனக்குப் பொய் வராது. அடியில ஒங்கப்பா கோடாலி வழுக்கின வெட்டு இருக்கு. தெனம் தடவிப் பாக்கறேன்."

"அப்ப செத்துப் போ."

"சண்ட முடியட்டும். தோள்ல போட்டுக் கொண்டாறேன். நீ குழி தோண்டி வை."

அவள் தொலைபேசியை என் மடியில் போட்டுவிட்டு ஏறிப் போய்விட்டாள். சோப்புநுரை என் காதிலும் ஒட்டியிருந்தது.

மறுநாள் பனி, கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. முந்தின சில நாட்களாக மலைப்பக்கத்திலிருந்து வியட் மின் ஒலிபெருக்கியில், 'வாருங்கள், வயலுக்குத் திரும்புங்கள்' என்று தை மொழியிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் அன்று நின்றிருந்தது. இனிக் கூப்பிட வேண்டாம் என்று தோன்றியிருக்கும். வடக்கே நாலைந்து குண்டுகள் விழுந்து ஓய்ந்தன. பிறகு காவலாள் ஒருவன் ஓடிவந்து, பான் கேயோவிலிருந்து ஆட்கள் வரிசையாக இறங்குகிறார்கள், நம் பக்கம் இல்லை, காட்டுப் பக்கம் என்றான்.

அதிகாரி என்னைப் பார்த்துக் கத்தினார். "கூப்பிடு!"

சுற்றினேன். யாரும் எடுக்கவில்லை.

எப்போது வந்தாள் என்று தெரியாது, முவான் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையில் பிழியாத துணி, தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எடுக்கலியா?"

"இல்ல."

"நல்லது" என்றாள். முகத்தில் வெளிச்சம் வந்தது. "எடுக்கலன்னா போயிட்டான். கழுதைக்குப் புத்தி வந்துருச்சு. மறுபடி சுத்துங்க, எடுக்காம இருக்கானான்னு பாப்போம்."

சுற்றினேன். எடுக்கவில்லை. அவள் சிரித்தாள். இன்னொரு தடவை என்றாள். எடுக்கவில்லை.

"நா சுத்தறேன்" என்று ஈரக்கையால் கைப்பிடியைப் பிடித்தாள். ஒரு சுற்று சுற்றினாள். கை நின்றது.

"அண்ணே, கனமா இருக்கு."

நான் பலகையில் பான் கேயோவின் செருகியை அழுத்திப் பார்த்தேன்.

"கனமா இருந்தா அங்க கருவி முழுசா இருக்குன்னீங்க."

"ஆமா."

"கருவி முழுசா இருந்தா கூரையும் நிக்குது."

"நிக்கலாம்."

"கூரை நின்னா தூண் நிக்குது." துணியைக் கீழே வைத்தாள். "தூண் நிக்கறப்ப அவன் எப்டிப் போயிருப்பான்?"

"போயிருக்கலாம், முவான். எல்லாரும் போறப்ப…"

"ஒங்களுக்கு அவனத் தெரியாதா?"

தெரியும். அதிகாரி தலைமையிடத்தோடு பேசிவிட்டு, பான் கேயோவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு, வேறு குன்றுகளைப் பார் என்றார். முவான் நகரவில்லை. கைப்பிடியை என் பக்கம் தள்ளினாள்.

"சுத்துங்கண்ணே."

சுற்றினேன். அதே கனம். அவள் குனிந்து, கருவியின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.