பட்டியலில் இல்லாத அதிகாரங்கள்

வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கிற வேலைக்கு நல்ல குடை வேண்டும், நாய்க்கு அஞ்சாத கால் வேண்டும், கதவு திறக்கும்வரை முகத்தைச் சிரித்தபடி வைத்திருக்கத் தெரிய வேண்டும். வேதம் தெரிய வேண்டும் என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்னை வேலைக்கு வைத்த சபை உபதேசியார் பன்னிரண்டு பகுதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்பது வருடம் அந்தப் பன்னிரண்டையே மாற்றி மாற்றி வாசித்தேன். வேதத்தைத் திறந்ததும் பால் பொங்குகிற, பிள்ளை அழுகிற, கண்ணைத் தூக்கம் சுழற்றுகிற சகோதரிகளே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஒட்டிக் கிடந்த தாள்கள்

செல்லம்மா, ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவரின் மனைவி. எழுத்து தெரியாது, கண் மட்டும் கூர்மை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் முடித்ததும் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டு இடத்தில் தாள் என் கட்டைவிரல் பட்டுப் பழுப்பேறியிருந்தது. மற்றதெல்லாம் கடையிலிருந்து வந்தபடியே ஓரத்துச் சாயத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. நான் மனப்பாடமாக ஒப்பிக்கிறேன், புத்தகம் சும்மா கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாளே! அவள் கேலி செய்யவில்லை. ஒட்டிய தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப இந்த மத்த தாளெல்லாம் யாருக்குக்கா?"

முள்ளம்பன்றி

மறுநாள் விடியற்காலை, அடுப்புப் பற்றவைக்கும் முன்னே, முதல் பக்கத்தில் தொடங்கினேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பு. சில அதிகாரத்துக்கு ஒரு காலை போதும். சிலதற்கு மூன்று ஆகும். பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், பக்கத்தில் இருந்தும் பேசாதது யார், இந்த மூன்றையும் எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். விளங்காத இடத்தில் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்துச் செருகுவேன். விளங்கிய அன்று உருவிவிடுவேன்.

துடைப்பக் குச்சியை வேதத்தில் செருகுவது பாவமோ, கை விளங்காமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் செருகினேன். ஆனால் விளங்காததற்கு ஒன்பது வருடம் தலையாட்டியது அதைவிடப் பெரிய பாவமாகப் பட்டது. செருகியதுதான் அதிகம், உருவியது கொஞ்சம். புத்தகம் முள்ளம்பன்றி மாதிரி ஆனது. ரயிலுக்குக் கொடி காட்டப் புறப்பட்ட என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ இதை வாசிக்கப் போறியா, இதை வச்சுப் பெருக்கப் போறியா?"

வெறும் பேர்கள்

சனிக்கிழமைகளில் ரயிலேறி கிள்ளானுக்குப் போவேன். அங்கே முனியம்மா என்று ஒரு விதவை; புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அவள் நம் மார்க்கமும் இல்லை. என் பேச்சுத்துணைக்காகக் கேட்பாள், அவ்வளவுதான். அன்று காலை நான் வந்து நின்ற அதிகாரத்தில் வெறும் பேர்கள். இவருக்கு இவர் மகன், அவருக்கு அவர் மகன். பட்டியலுக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். வீம்புக்கு அதையே வாசித்தேன், பாதிப் பேர் என் நாக்கில் புரளவில்லை. கொட்டாவி விடுவாள் என்று பார்த்தால், கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"கப்பலை விட்டு எறங்குன அன்னைக்குப் பேர் பதியிற கிராணி எங்க பேரையும் இப்படித்தான் அப்பன் பேரோட வாசிச்சாரு, அதுக்கப்புறம் யாரும் வாசிக்கல."

ஏழாவது பகுதி

அதற்குள் செல்லம்மா வீட்டில் இடி விழுந்தது. புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். செல்லம்மாவும் கைப்பிள்ளையும் சமையல்கட்டுக்கு ஒதுக்கப்பட்டார்கள். மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, அவளுக்குப் பொறுமையைப் பற்றி வாசிக்கச் சொன்னார். பட்டியலில் ஏழாவது பகுதி அதுதான். எத்தனை வீட்டில் எத்தனை பெண்களுக்கு அதை ஒப்பித்திருக்கிறேன்!

அன்று வாய் வரவில்லை. என் வரிசை, எஜமானுக்குப் பெற்ற பிள்ளையோடு வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட அந்த வேலைக்காரியின் கதையில் வந்து நின்றிருந்தது. அதையே எடுத்தேன். தோல்பையில் தண்ணீர் தீர்ந்த இடத்தில் மேலே வாசிக்க மனம் வராமல் நிறுத்திவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அந்தப் பொம்பளைக்குத் தண்ணி கெடச்சுதாக்கா, இல்லியா, அதை மொதல்ல சொல்லுங்க."

விசாரணை

கிடைத்தது என்று வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார் நேரே வேதக்கோயிலுக்குப் போய், பைபிள்காரி குடும்பத்தைக் கலைத்துவிட்டாள் என்று அழுதிருக்கிறார். உபதேசியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்றாம் வகுப்புக்காரி வியாக்கியானம் பண்ணக்கூடாது, பட்டியலோடு நிற்பதானால் வேலையில் இருக்கலாம் என்றார். நான் வியாக்கியானம் பண்ணவில்லை, கேட்கிறேன் என்றேன்.

ஈர்க்கு செருகியிருந்த இடத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து அந்த வேலைக்காரியை அனுப்பினாரே, அந்த எஜமான் அவளிடம் பேசிய ஒரு வார்த்தை இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முந்தின பக்கத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லத் தெரியவில்லை.

"இந்த மாதிரிக் கேள்வி வரக்கூடாதுன்னுதாம்மா பட்டியலே எழுதிக் கொடுத்தோம்."

குடை இல்லாமல்

பட்டியலை மேசைமேல் வைத்தேன். குடையும் அவர்கள் கொடுத்தது; அதையும் வைத்தேன். புத்தகம் என் அம்மா எனக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதை முந்தானையில் சுற்றி, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் காய்ச்சல். மூன்று நாளும் காலையில் வாசித்தேன்.

இப்போதும் சனிக்கிழமை கிள்ளானுக்குப் போகிறேன். வேலை என்று யாரும் அனுப்பவில்லை. செல்லம்மாவின் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் அவளும் முனியம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பாய் விரித்துக் காத்திருப்பார்கள். நான் உட்காருவதற்குள் செல்லம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கையை நீட்டிவிடுவாள்.

"வெளங்குன எடத்தை நீங்களே வச்சுக்குங்க, இன்னைக்கு எந்த ஈர்க்குக்கா?"

வேலையும் போய், குடையும் போய், பன்னிரண்டு பகுதி தெரிந்தவள் என்ற பேரும் போய், இன்று என் வீட்டில் மிஞ்சியிருப்பது எனக்கு விளங்காத ஒரு புத்தகமும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வரும் ஒரு துடைப்பமும்தான், இரண்டையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.