நான் எடுத்துக் கொடுத்த பாயிண்டுகள்

விவாதத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் எனக்கு இரண்டு சட்டங்கள். நம்பாத பக்கத்தைத்தான் எடுத்துப் பேச வேண்டும். முதலில் வீட்டு பாஷையில் வாதாடிப் பழக வேண்டும், இங்கிலீஷ் அப்புறம். மும்பை மாட்டுங்கா வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆன்லைனில் இங்கிலீஷ் பேச்சு வகுப்பு எடுக்கிறவள் நான். இந்தச் சட்டங்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த முறை தலைப்பு, குடிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாமா என்பது. தாராவியிலிருந்து ஒரு பெண் சேர்ந்திருந்தாள். கீழே அப்பாவின் தோல் பை தைக்கும் பட்டறை, மேலே பலகைத் தளத்தில் குடும்பம். அவர்கள் சந்துக்கு ஒரு பில்டர் சம்மதப் பத்திரத்தோடு வந்திருந்தார். வீட்டுக்குப் பதில் ஃபிளாட் உண்டு, பட்டறைக்கு இடம் கிடையாது. அப்பா கையெழுத்துப் போட மறுத்து நின்றார். இதெல்லாம் அவளே சொன்னதுதான்.

"அப்போ நீ இடிக்கலாம்னு பேசு" என்றேன்.

"வேண்டாம் மிஸ். வீட்ல எல்லாரும் இருப்பாங்க."

"இருக்கட்டுமே. கேக்க ஆள் இருந்தாத்தான் பேச்சு வரும்."

ஒரு வாரம் தமிழிலேயே அவளை வறுத்தெடுத்தேன். ஒழுகும் கூரை, பொதுக் கக்கூஸ் வரிசை, ஆம்புலன்ஸ் நுழையாத சந்து என்று அவள் திணறிய இடத்திலெல்லாம் பாயிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். மறுநாளிலிருந்து நாங்கள் பேசும் நேரத்தில் மெஷின் சத்தமே வரவில்லை.

விவாதத்தில் அவள்தான் ஜெயித்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. மற்றவர்கள் போன பிறகும் அவள் மட்டும் திரையில் இருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், தெனமும் மெஷின நிறுத்திட்டு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எம்புள்ள கேக்குறதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. நேத்து கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்."

அது வெறும் பயிற்சி, அவளே அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை என்று உளறினேன். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை.

"பாடம்னு தெரியும் டீச்சர். ஆனா அவ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"அப்போ பட்டறை? தொழில எங்க வச்சு பண்ணுவீங்க?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அதத்தான் இவகிட்டயும் கேட்டேன். வாயத் தொறக்க மாட்டேங்கா. எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தீங்களே டீச்சர், இதுக்கும் ஒண்ணு வச்சிருப்பீங்கன்னுதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்" என்றார்.