ஏகாம்பரத்தின் போனில் மட்டும் ஆடாத முந்தி

வலைப்பக்கத்தில் ஒன்றை அசைய வைப்பது அரை நாள் வேலை. அது ஏன் அசையவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் மீதிப் பிழைப்பு. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு, அசையாத படத்தைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு. கல்லூரி வாசலை மறியலுக்குத்தான் மிதித்திருக்கிறேன். படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம்: எங்கள் சங்கத்துடையது, எதிர்ச் சங்கத்துடையது, முதலாளிகள் அடித்தது, எல்லாம். பிறகு நானே எழுதினேன். காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூலிக்காக இருபத்தைந்து வருஷம் நோட்டீஸ் எழுதி, கணினியில் கோத்து, அச்சடித்து, சுவரில் ஒட்டியவன். சங்கத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சங்கமும் என்னை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது கடைகளுக்கு வலைப்பக்கம் செய்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரே அறை, ஒரே நாற்காலி.

தொழில் தெரியாமல் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீஃப்ரேம் என்பது, தொடக்கம் இது, முடிவு இது என்று நாம் எழுதித் தருவது. நடுவில் உள்ளதைப் பிரவுசர் தானே நிரப்பிக்கொள்ளும். அந்த அசைவுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். யார் அசைய வேண்டும், எத்தனை நொடி, எத்தனை முறை என்பதை வேறோர் இடத்தில் அதே பெயரைச் சொல்லி எழுத வேண்டும். இவ்வளவுதான். இவ்வளவில்தான் எல்லாம் கெடும்.

ஒரே ஒரு ‘தி’

என் அறைக்குக் கீழே ஜரிகைக் கடை வைத்திருப்பவர் சாதிக் பாய். கூடவே புடவையும் விற்கிறார். அவர் வலைப்பக்கத்தில் ஒரு பட்டுப் புடவை மடித்து வைத்திருக்க வேண்டும், அதன் முந்தி மட்டும் காற்றுப் பட்டது போல மெல்ல ஆட வேண்டும் என்று கேட்டார். எழுதினேன். ஆடவில்லை. நொடியைப் பார்த்தேன், சரி. கோணத்தைப் பார்த்தேன், சரி. மூன்று நாள் போனது. இந்தப் பிரவுசரிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்: தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது. முதலாளியோடு சண்டை போட்டிருக்கிறேன், போலீசோடு போட்டிருக்கிறேன். அவர்கள் திருப்பித் திட்டுவார்கள், மறுநாள் மறுபடி போகலாம். பதிலே பேசாத ஒன்றோடு ஓர் அறைக்குள் மூன்று நாள் உட்கார்ந்திருப்பது வேறு.

நம் முந்தியில் ஒரே ஒரு ‘தி’. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு கதி. அசைவுக்குப் பெயர் வைத்த இடத்தில் mundhi என்று எழுதியிருந்தேன். புடவையிடம் சொன்ன இடத்தில் munthi. பிரவுசருக்கு அவை வேறு வேறு ஆட்கள். வெள்ளைக்காரனுக்கு இந்தத் தப்பு வரவே வராது. நோட்டீஸில் ஒற்றுப் பிழைகூட விடாதவன் என்று இறுமாந்திருந்த எனக்கு வந்தது. மாடிப்படி ஏறி வந்த பாய், மழிக்காத என் முகத்தையும் ஆடாத புடவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னா தோழர், முந்தியெல்லாம் ஊரையே ஆட்டினீங்க, இப்ப ஒரு முந்தியை ஆட்ட முடியலையா?”

நிற்காத தாமரை

அசைவு எத்தனை முறை நடக்க வேண்டும் என்று எண் போடலாம். எண்ணுக்குப் பதில் ‘இன்ஃபினிட்’ என்று போட்டால் ஓயவே ஓயாது. நான் எப்போதும் அதைத்தான் போடுவேன். முழக்கம் ஓயக் கூடாது என்று பழகிய கை.

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் ஏரித் தண்ணீரில் நெல் பயிரிட்டு வந்த ஒருவர் இப்போது கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். அவர் பக்கத்தின் நெற்றியில் ஒரு தாமரை சுற்றும்படி செய்து கொடுத்தேன். திறந்த மறுநாளே போன் வந்தது. பெண் வீட்டார் யாரோ பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் உட்காரலாம் என்று படிப்பதற்குள் கண் தாமரையோடு சுற்றி, மூடிவிட்டுப் போய்விட்டார்களாம். மூன்று சுற்றோடு நிற்கும்படி மாற்றினேன். எனக்கு அது தோல்விதான். ஆனால் அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை: “எங்க மண்டபத்துல சம்பந்தி சண்டையே எல போட்டா நின்னுடுதுபா, உன் பூ எதுக்கும் நிக்க மாட்டேங்குதே!”

முக்கியம், முக்கியம், முக்கியம்

சின்ன காஞ்சிபுரத்தில் சரஸ்வதி டீச்சர் டியூஷன் நடத்துகிறார். ஓய்வு பெற்றும் பத்து வருஷமாகிறது, குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. ‘சேர்க்கை நடைபெறுகிறது’ என்ற எழுத்து சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறி மாறித் தெரிய வேண்டும் என்றார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். உண்மையைச் சொன்னால், மேசைக்கு எதிரே ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்காகவே அங்கே எழுதினேன். நிறம் மாறவில்லை.

வலைப்பக்கம் எழுதும் இந்த மொழியில் ஒரு வரியின் கடைசியில் ஆச்சரியக்குறியும் ‘முக்கியம்’ என்ற சொல்லும் போட்டால், மற்ற வரிகளை அது அடக்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வசதி. கீஃப்ரேமுக்குள் வரிக்கு வரி போட்டு வைத்திருந்தேன். ஆனால் கீஃப்ரேமுக்குள் அப்படி எழுதினால் பிரவுசர் அந்த வரியையே மதிக்காது, தாண்டிப் போய்விடும். அங்கே அதட்டல் செல்லாது. நான் ஒவ்வொன்றாக அழிப்பதைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்த டீச்சர் கேட்டார்: “நாலு வரியில நாலு எடத்துல முக்கியம்னு எழுதினா எந்தப் புள்ளதான் படிக்கும், தம்பி?”

படத்தில் இருந்த ஆள்

நான்கு நாளாக யாருமே அழைக்காத ஒரு வாரத்தில் கவிதா என்ற பெண் அழைத்தாள். ஓரிக்கையில் வீடு, புடவைக் கடைக்கு வலைப்பக்கம் வேண்டும், சாதிக் பாய் உங்களைச் சொன்னார் என்றாள். முழுதாகக் கேட்பதற்கு முன்பே சரி என்றேன். மறுநாள் படங்கள் அனுப்பினாள். புடவைகளுக்கு நடுவே, கடை உரிமையாளர் என்று ஒரு படம். ஏகாம்பரம்.

ஏகாம்பரமும் நானும் ஒரே பசை வாளியைத் தூக்கியவர்கள். அவன் ஏணியைப் பிடிப்பான், நான் ஒட்டுவேன். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு கூலிப் போராட்டத்தில், நாங்கள் கேட்டதில் பாதிக்கு அவன் முதலாளிகளோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். தறிக்காரர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்றான். நான் அன்று மாலையே பிரசுரம் அடித்தேன். முதல் வரி: ‘படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஏகாம்பரம்!’ அதில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. கருத்துப் பிழை இருந்ததா என்று கேட்க அதன் பிறகு என் பக்கத்தில் ஆள் இல்லை. சங்கம் அவனோடு போய்விட்டது. அவன் பிறகு தறி போட்டு, கடை வைத்து, முதலாளியும் ஆகிவிட்டான். அந்தப் பிரசுரத்துக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

கவிதா அவன் மருமகள். வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். மாமா பார்த்துச் சரி சொன்னால்தான் பக்கத்தைத் திறப்போம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் செய்கிறார்கள் என்று உன் மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலில் நான் போனை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்: “தெரியும் அங்கிள். ‘அவனா? செய்யட்டும், எழுத்துப் பிழை இருக்காது’ன்னு சொன்னாரு.”

வந்த வழியே

கடைப் பெயர் இடப்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து நடுவில் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். எழுதி அனுப்பினேன். பெயர் வந்தது, நடுவில் ஒரு கணம் நின்றது, சட்டென்று காணாமல் போனது. அசைவு முடிந்ததும் பொருள் புறப்பட்ட இடத்துக்கே போய்விடும். முடிந்த இடத்தில் நில் என்பதற்கு ‘ஃபார்வர்ட்ஸ்’ என்று தனியாக ஒரு சொல் எழுத வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. அவன் பார்க்கப் போகிறான் என்ற பதற்றத்தில் விட்டுவிட்டேன்.

ஒரு நிமிஷத்தில் சேர்த்துவிட்டேன். ஆனால் அதற்குள் கவிதா தன் போனில் மாமனாருக்குக் காட்டியிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். விடுங்க அங்கிள் என்றாள். சொல்லு என்றேன். என் பிரசுரத்துக்குப் பதினெட்டு வருஷம் கழித்து மறுப்பு வந்தது, ஒரே வரியில்: “‘அவனும் அப்படித்தாம்மா, வருவான், நடுவுல நின்னு ஒரு சத்தம் போடுவான், காணாம போய்டுவான்’னு சொன்னாரு.”

ஊருக்கெல்லாம் ஆடுது

அடுத்து முந்தி. சாதிக் பாயின் வலைப்பக்கத்தில் இருப்பது போலவே வேண்டும் என்றாள். இம்முறை இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து. ஆடியது. என் போனில், பாய் போனில், டீக்கடைக்காரர் போனில், போன் ரிப்பேர் கடை மேசையில் கிடந்த ஐந்து போன்களில், எல்லாவற்றிலும் ஆடியது. ஏகாம்பரத்தின் போனில் மட்டும் ஆடவில்லை. ஆடாததை அவன் சரி என்று சொல்ல மாட்டான். அவன் சரி சொல்லாமல் பக்கம் திறக்காது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திறப்பு என்று கவிதா எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தாள்.

பிரவுசர் சேர்த்து வைத்திருக்கும் பழைய சேமிப்பை அழிக்கச் சொல் என்று கவிதாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஆடல என்று பதில். பிரவுசரைப் புதுப்பிக்கச் சொல். ஆடல. போனை அணைத்துப் போடச் சொல். ஆடல. பெயராவது வந்து நிற்கிறதா? நிக்குது. முந்தி? ஆடல. எட்டாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது: மாமா கேக்குறாரு, ஊருக்கெல்லாம் ஆடுற முந்தி எனக்கு மட்டும் ஏன் ஆடலன்னு. கேள்வி அசல் சங்கக்காரன் கேள்வி. அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவள் குரலுக்குப் பின்னால் அவன் இருமுவதாவது கேட்கிறதா என்று பார்த்தேன்.

தோழர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு போனில் கோளாறு என்றால் அந்தப் போனைக் கையில் வாங்கித்தான் பார்க்க வேண்டும். எனக்கும் முதல் நாளே தெரியும். போனைக் கொடுத்தனுப்பு என்றேன். மாமா கையை விட்டு அது இறங்காது என்றாள். எனக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு: “பிள்ளையார்பாளையத்துல இருந்து ஓரிக்கைக்கு ஷேர் ஆட்டோல இருபது நிமிஷம் அங்கிள், உங்களுக்கு இன்னும் பதினெட்டு வருஷமா ஆவும்?”

நான்கு வரி

வியாழக்கிழமை காலை போனேன். ஏகாம்பரம் நாற்காலியில், பின்னால் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டுவந்தான். வீம்பு என்று எடுத்துக்கொண்டேன். நின்றபடியே கையை நீட்டினேன், போனை வைத்தான். செட்டிங்ஸைத் திறந்தேன். ‘அனிமேஷன்களை அகற்று’ என்ற இடத்தில் பொத்தான் போட்டபடி இருந்தது. எட்டிப் பார்த்த கவிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அய்யோ, நான்தான் அங்கிள் போட்டேன். மாமாவுக்குத் தலைசுத்தல். கழுத்தைத் திருப்பினா ரூமே சுத்துதுன்னுவாரு. போன்ல எதுனா ஓடினாலே வாந்தி வரும். ஆறு மாசம் ஆவுது, மறந்தே போச்சு.”

ஆனால் போன் சொன்னால் மட்டும் போதாது. பக்கமும் அதைக் கேட்க வேண்டும். என் பக்கம் எப்படிக் கேட்டது? நான் எழுதியதை அங்கேயே திறந்து பார்த்தேன். கடைசியில் நான்கு வரி இருந்தன. போன்காரர் அசைவு வேண்டாம் என்றிருந்தால், எல்லா அசைவையும் கண் இமைக்கும் முன் முடித்து நிறுத்திவிடு என்று சொல்லும் வரிகள். அதனால்தான் பெயர் வந்து நின்றிருக்கிறது, முந்தி ஆடவில்லை. எப்போதோ எங்கிருந்தோ எடுத்தவை. எல்லாரும் போடுகிறார்கள் என்று நான் செய்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரு நாளும் படித்ததில்லை.

“என்னா தப்பு?” என்றான் ஏகாம்பரம். முதல் வார்த்தை. பொய் சொல்லியிருக்கலாம், அவனுக்குத் தெரியப்போவதில்லை. “படிக்காம ஒட்டிட்டேன்” என்றேன். ‘படிக்காம’ என்று அவன் மெதுவாக ஒரு முறை சொல்லிப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். சிரிப்பில் தலை ஆடியது. நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். நாளைக்குத் திறந்துக்கோம்மா என்று மருமகளிடம் சொன்னான். நான் பொத்தானில் விரலை வைத்து, ஆட விட்டுடவா என்று கேட்டேன். மூடிய கண்ணைத் திறக்காமலே, எதிரே கிடந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான்: “வாணாம் கஜா, அது நிக்கட்டும், நீ குந்து.”

ஆக, தோழர்களே, எட்டு நாளாக நான் தேடிய தப்பில் பாதி அந்த நான்கு வரியில் இருந்தது, மீதிப் பாதி என் அறை வாசலில் மாட்டாமல் கிடந்த செருப்பில் இருந்தது.