வாசலில் கவிழ்த்த பானைகள்

ரங்கூனில் தாமுவே பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு மண்பானைகள் இருந்தன. மரச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே சின்னத் தகரக் கூரை, பானை வாயில் தட்டு மூடி, மூடிமேல் ஓர் அலுமினியக் குவளை. போகிற வருகிறவர்கள் குடிக்கத் தெருவில் தண்ணீர் வைப்பது பர்மியர் வழக்கம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்துவிட்ட எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. வீட்டில் எல்லோரும் அதை அத்தையின் பானை என்றே சொல்வார்கள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் தட்டிக்கொண்டே போய், கடைசியில் அந்தப் பேச்சையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறந்தது வசதியாகவும் இருந்தது. அம்மா தையல் கடைக்குப் போய்விட்டால் சமைக்க, துவைக்க, என்னைத் தலைவாரிப் பள்ளிக்குக் கிளப்ப ஓர் ஆள் வேண்டாமா? தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது அந்தப் பானைகளைத்தான். காலையில் எழுந்ததும் அவற்றைத் தேய்த்துக் கழுவி, கொல்லைக் கிணற்றில் இறைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுவாள். அடடா, அந்தத் தண்ணீரின் ருசி! இப்போது வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர் வருகிறது. சுத்தமான தண்ணீர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு குடித்தாலும் எனக்குக் குடித்த மாதிரி இல்லை.

நான் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு கோ தேய்ன் வருவார். சைக்கா ஓட்டுகிறவர். சைக்கிளின் பக்கத்தில் இருக்கை வைத்த வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். பர்மியர்தான், ஆனால் தமிழர் தெருவில் வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறை. தெருவில் எல்லோரும் அத்தையை அக்கா என்பார்கள், இல்லாவிட்டால் பர்மிய முறையில் அமா என்பார்கள். அவர் மட்டும் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. மரியாதை தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

குடித்து முடித்ததும் மூடிமேல் ஒரு கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போவார். அத்தை அதில் ஒரே ஒரு கடி கடித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுப்பாள். பழம் எனக்காகத்தான் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அத்தை தனாக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். கேட்டால் வெயிலுக்கு என்பாள். மழைக்காலத்திலும் பூசினாள்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் தண்ணீர் கெட்டது. முதலில் டீ ஒரு மாதிரி மணத்தது. பிறகு தெருப் பிள்ளைகளுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு. கோ தேய்னையும் ஒரு வாரமாகக் காணோம். அவருக்கு வயிற்றால் போய், எழுந்திருக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று இன்னொரு சைக்காக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அத்தை சோற்றைத் தொடவில்லை.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு மாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. அவர்கள் கக்கூஸ் குழியிலிருந்துதான் நம் கிணற்றுக்கு வருகிறது என்று அப்பா குதித்தார். அவர் பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனில் லுங்கி நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் மேஸ்திரி. பட்டறைக் கழிவால் பின்னால் ஓடிய ஓடை ஒருநாள் பச்சையாகவும் ஒருநாள் ஊதாவாகவும் போகும். அதற்கெல்லாம் அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. சொந்தக் கிணறு என்றதும் கொதித்துப் போனார். பட்டறையிலிருந்து சிவப்புச் சாயப்பொடி கொண்டுவந்து, கட்டடத்துக்காரரிடம் சண்டை போட்டு, அவர்கள் கக்கூஸிலேயே கரைத்து ஊற்றினார். கிணறு சிவந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாமாம்.

தினமும் வாளியை எட்டிப் பார்த்தோம். தண்ணீர் தெளிவாகவே வந்தது.

"மிச்சப் பொடிய நம்ம கக்கூஸ்ல ஊத்திப் பாருங்க தம்பி" என்றாள் அத்தை.

"உங்களுக்குக் கிறுக்கா அக்கா? நம்ம குழி நான் நின்னு கட்டினது."

அப்பா வேலைக்குப் போனதும் அத்தை தானே மிச்சப் பொடியை எங்கள் கக்கூஸில் கரைத்து ஊற்றினாள். இரண்டு நாள் கழித்து அவள் இறைத்த வாளியில் தண்ணீர் ரோஸ் சர்பத் மாதிரி வந்தது. நான் கைதட்டிக் குதித்தேன். அத்தை வாளியைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க அக்கா. நம்ம கக்கூஸ் தண்ணிய ஊருக்கே ஊத்திக் குடுத்திருக்கோம்னு தெரிஞ்சா தெருவுல தலை காட்ட முடியுமா?" என்றார். கொல்லைப் பக்கம் போனவர் கட்டடத்துக்காரரைப் பார்த்ததும் சிரித்து வைத்தார்.

அத்தை பானைகளைக் கழுவிச் சட்டத்தில் கவிழ்த்தாள். குவளையை உள்ளே எடுத்துவிட்டாள்.

கோ தேய்ன் சில நாள் கழித்து வந்தார். பாதியாக இளைத்திருந்தார். கவிழ்ந்த பானைகளைப் பார்த்துவிட்டு நின்றார். அத்தை கதவு வரைக்கும் வந்து, வெளியே இறங்காமல் பேசினாள்.

"இனிமே இங்க தண்ணி கிடையாது."

"மழை இப்படிக் கொட்டுது, கிணறு வத்திருச்சா?"

"வத்தல. வைக்கிறதில்ல, அவ்வளவுதான். வேற எங்கயாச்சும் பாத்துக்குங்க."

"என் மேல ஏதும் கோவமா?"

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தார். வைக்க மூடி இல்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு சைக்காவைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கமே அவர் வரவில்லை.

அத்தை இப்போது இல்லை. அந்த வீடும் இல்லை, கிணற்றையும் மூடிவிட்டார்கள். தெருவில் எங்கேயாவது தண்ணீர்ப் பானையைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கால் நகராது. ஒரே ஒரு வாய், அத்தை ஊற்றிய தண்ணீர் கிடைக்காதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அன்று சைக்கா மணி தெருமுனையில் தேய்ந்த பிறகும் அத்தை கதவைப் பிடித்தபடியே நின்றாள். கன்னத்துத் தனாக்காவில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது. நான் பழத்தை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். முழுப்பழமும் எனக்கே என்ற சந்தோஷத்தில் ஒரு கடி கடித்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"ஏன் அத்தை அழுறீங்க? பானை ஒண்ணும் உடையலையே, அப்படியேதான இருக்கு."