மல்லிகாவின் பெயர்

மின்சாரம் போன மாலையில் மகள் ஏற்றிய மெழுகுவர்த்தியின் வாசம், மாநில எல்லையோரத்து ஜூஜுவாடியில் இன்று கிடங்காகிவிட்ட ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே என்னைக் கொண்டுபோய் விட்டது. அங்கேதான், எந்த நம்பிக்கையையும் கட்டாயப்படுத்தாத யூனிடேரியன் சபையின் ஞாயிறு வகுப்பு, மெழுகுவர்த்தி ஏற்றித் தொடங்கும். வெளியே லாரிகள் உறுமிக்கொண்டிருக்க, கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளான நாங்கள் தமிழும் கன்னடமும் தெலுங்குமாய்ப் பாய்களில் கலந்து உட்கார்ந்து மனதில் பட்டதையெல்லாம் கேட்போம். காய்ச்சலில் தங்கை இறந்த பிறகு வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. பாடம் நடத்தும் ஸ்டெல்லா அக்காவிடம் ஒருநாள் கேட்டேன்.

"என் தங்கச்சி இப்ப எங்கக்கா இருக்கா?"

"எனக்குத் தெரியல கண்ணு. அவ பேரு என்ன? எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்."

"மல்லிகா."

எல்லாரும் சேர்ந்து சொன்னோம். கன்னடப் பிள்ளைகள் மட்டும், தங்கள் மொழியில் அந்தப் பூவைச் சொல்வதுபோல், "மல்லிகெ" என்றார்கள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படிச் சொன்னாங்க? இன்னொருவாட்டி சொல்லு."